ஓஎல்இடி திரையில் எல்லாப் பிக்சலும் ஒரே வெளிச்சத்தில் எரிய எந்தச் சர்க்கிட்டை எடுக்கலாம்?

கேள்வி கேட்டவர் இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஓஎல்இடி (மின்னோட்டம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிம டயோடு) பிக்சல் ஒன்றை சிமுலேட் செய்துகொண்டிருக்கிறார். இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர் கொண்ட எளிய சர்க்கிட்டில் த்ரெஷோல்ட் வோல்டேஜை, அதாவது டிரான்சிஸ்டர் திறக்கத் தொடங்கும் வோல்டேஜை, 0.1 வோல்ட் நகர்த்தினால் மின்னோட்டம் எங்கேயோ போய்விடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் 4, 5, 6, 7 டிரான்சிஸ்டர் என்று டஜன் கணக்கில் சர்க்கிட்கள். எல்லாமே பிழை மிகக் குறைவு என்கின்றன. இவற்றில் எதை எடுப்பது என்பது அவர் கேட்டிருப்பது. ஆனால் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வெளிச்சம் சீராக இல்லாமல் போவதற்கான காரணங்களில் எவற்றைப் பிக்சலுக்குள்ளேயே திருத்த முடியும், எவற்றை வெளியிலிருந்துதான் திருத்த வேண்டும்? இதைப் பிரித்துவிட்டால் எத்தனை டிரான்சிஸ்டர் என்பது தானாக முடிவாகிவிடும். நான் நெடுநாள் வேலை பார்த்தது எல்டிபிஎஸ் எனப்படும் பாலிசிலிக்கன் பேனல்களில். ஆக்சைடு டிரான்சிஸ்டர் பேனல்களைப் பற்றிச் சொல்வதைப் பக்கத்துத் துறைக்காரர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படை. எல்சிடி திரையில் பிக்சலுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் வெறும் சுவிட்ச். தன் வரிக்கு ஒதுக்கிய நேரத்துக்குள் கெபாசிட்டரை நிரப்பிவிட்டால் அதன் வேலை முடிந்தது. த்ரெஷோல்ட் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் படத்தில் தெரியாது. ஓஎல்இடியின் வெளிச்சமோ அதன் வழியே ஓடும் மின்னோட்டத்துக்கு ஏறக்குறைய நேர் விகிதத்தில் இருக்கிறது. அதனால் ஃபிரேம் முழுக்க ஒரு டிரான்சிஸ்டர் அனலாக் மின்னோட்ட மூலமாக நின்று உழைக்க வேண்டும். அந்த டிரான்சிஸ்டரில் உள்ள ஒவ்வொரு குறையும் நேராகக் கண்ணுக்கு வந்துவிடும். ஒரு சுவிட்ச், ஒரு டிரைவ் டிரான்சிஸ்டர், நடுவில் ஒரு கெபாசிட்டர் என்ற அமைப்பு இன்றைய ஓஎல்இடியை விடப் பழையது. அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பீட்டர் பிராடி குழுவினர் 1970-களிலேயே மின்புலத்தால் ஒளிரும் எலக்ட்ரோலூமினசென்ட் பேனலில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். கோடாக்கில் டாங்கும் வான் ஸ்லைக்கும் குறைந்த வோல்டேஜில் எரியும் ஓஎல்இடியை வெளியிட்டது 1987-ல். இந்த இரண்டையும் இணைத்தபோதுதான் நீங்கள் சிமுலேஷனில் பார்க்கும் சிக்கல் பெரிதாகத் தலைதூக்கியது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் சிக்கலின் அளவு புரியும். 60 மைக்ரான் சதுரத்தில் ஒரு பிக்சல், 500 நிட் (சதுர மீட்டருக்கு 500 கேண்டெலா) வெளிச்சம், ஆம்பியருக்கு 40 கேண்டெலா தரும் ஒளிப்பொருள் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 12.5 ஆம்பியர் வேண்டும். ஒரு பிக்சலுக்கு அது 45 நானோ ஆம்பியர். இது முழு வெளிச்சத்தில். 255 படிகளில் 10-வது படிக்கு, காமா 2.2 கணக்கில் (படி விகிதத்தை 2.2 அடுக்குக்கு உயர்த்தும் திரை வழக்கம்), வெளிச்சம் சுமார் 0.08 சதவீதம்தான். அப்போது மின்னோட்டம் 36 பைக்கோ ஆம்பியருக்கு இறங்கிவிடும். ஒரே டிரான்சிஸ்டர் ஆயிரம் மடங்குக்கு மேலான வீச்சில் சொன்னபடி கேட்க வேண்டும்.

டிரான்சிஸ்டரில் கேட் என்ற கட்டுப்பாட்டு முனையும், மின்னோட்டம் ஓடும் சோர்ஸ், டிரெயின் என்ற இரு முனைகளும் உண்டு. டிரெயின் வோல்டேஜ் மின்னோட்டத்தை ஏறக்குறைய பாதிக்காத சாச்சுரேஷன் நிலையில் மின்னோட்டம் எதைப் பொறுத்தது? கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையிலான வோல்டேஜில் த்ரெஷோல்டைக் கழித்தால் வரும் மிச்சத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த மிச்சத்தை ஓவர்டிரைவ் என்போம். முழு வெளிச்சத்தில் ஓவர்டிரைவ் 0.7 வோல்ட் என்றால், த்ரெஷோல்ட் 0.1 வோல்ட் கூடும்போது மின்னோட்டம் சுமார் 27 சதவீதம் குறையும். ஓவர்டிரைவ் 0.2 வோல்ட்டாக இருக்கும் நடுத்தர கிரேயில் அதே 0.1 வோல்ட் மின்னோட்டத்தைக் கால்வாசியாக்கிவிடும். 36 பைக்கோ ஆம்பியர் பக்கம் போனால் டிரான்சிஸ்டர் சப்த்ரெஷோல்டுக்குள், அதாவது த்ரெஷோல்டுக்குக் கீழான பகுதிக்குள், இறங்கியிருக்கும், அங்கே வர்க்க விதியே கிடையாது, எக்ஸ்பொனென்ஷியல்தான். பத்து மடங்கு மின்னோட்டத்துக்கு 0.3 வோல்ட் தேவைப்படும் டிரான்சிஸ்டரில் 0.1 வோல்ட் பிழை என்பது இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. ஆகவே எந்தச் சர்க்கிட்டைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது லோ கிரேயில், அதாவது திரை கருமைக்குச் சற்று மேலே இருக்கும்போது, அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான். முழு வெள்ளையில் அழகாக இருப்பது பெரிய விஷயமல்ல.

கண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும். திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வெளிச்சம் மெல்ல மெல்ல 10 சதவீதம் இறங்கினால் பெரும்பாலானோர் கவனிக்க மாட்டார்கள். அதுவே சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஏறி இறங்கும் கோடாகவோ திட்டாகவோ வந்தால் 1 சதவீதமே போதும், கண் பிடித்துவிடும். அதைவிட நுணுக்கமாக, அடுத்தடுத்த பிக்சலுக்குப் பிக்சல் மாறும் வேறுபாட்டைக் கண் மறுபடி ஓரளவு மன்னிக்கிறது. அப்போது படத்தில் மணல் தூவியது போன்ற சொரசொரப்புதான் தெரியும். எனவே சீரான வெளிச்சம் என்று ஒரே எண்ணாகச் சொல்வது போதாது. பிழை எந்த அளவு தூரத்தில் மாறுகிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

பிழை எங்கிருந்து வருகிறது என்பது எந்தப் பொருளில் டிரான்சிஸ்டர் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாலிசிலிக்கனை எக்ஸைமர் லேசர் கொண்டு உருக்கிப் படிகமாக்குகிறார்கள். படிகத் துகள்களின் எல்லைகள் சேனலுக்குள் (டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் ஓடும் பாதைக்குள்) எங்கே எத்தனை விழும் என்பது தற்செயல். அதனால் பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர்களிலேயே த்ரெஷோல்டும் மொபிலிட்டியும் (மின்னூட்டங்கள் நகரும் எளிமை) வேறுபடும். லேசர் ஒவ்வொரு துடிப்பிலும் சற்று ஏறி இறங்குவதால் கோடு கோடாகவும் வரும். ஆக்சைடு டிரான்சிஸ்டருக்கு, டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹோசோனோ குழுவினர் 2004-ல் வெளியிட்ட இண்டியம்-காலியம்-துத்தநாக ஆக்சைடு வகைக்கு, படிகத் துகள் கிடையாது. தயாரித்த அன்று அது பாலிசிலிக்கனை விடச் சீராக இருக்கும். ஆனால் தொடர்ந்து வோல்டேஜ் கொடுக்கக் கொடுக்க, வெப்பமும் ஒளியும் படப் பட, த்ரெஷோல்ட் நகரும். அமார்ஃபஸ் சிலிக்கனில் இந்த நகர்வு இன்னும் மோசம். மொபிலிட்டியும் மிகக் குறைவு. ஒன்று பிறவிக் குறை, மற்றது வயதால் வருவது. இரண்டுக்கும் மருந்து ஒன்றாக இருக்காது.

பாலிசிலிக்கனில் த்ரெஷோல்ட் வேறுபாட்டுக்குப் பிக்சலுக்குள்ளேயே தீர்வு உண்டு. 1998-ல் அமெரிக்காவின் சார்னாஃப் ஆய்வு நிறுவனத்தில் டாசன் குழுவினர் வெளியிட்ட நான்கு டிரான்சிஸ்டர் சர்க்கிட்டிலேயே அதன் உயிர்நாடி இருக்கிறது: டிரைவ் டிரான்சிஸ்டரின் கேட்டையும் டிரெயினையும் கொஞ்ச நேரம் இணைத்து டயோடாக்கினால், அது தன் த்ரெஷோல்டைத் தானே அளந்து கெபாசிட்டரில் எழுதிவைத்துவிடும். இன்று கைபேசித் திரைகளில் பரவலாக இருக்கும் ஏழு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர் சர்க்கிட்டும் இதே கருத்தின் வளர்ந்த வடிவம்தான். பி-வகை டிரான்சிஸ்டரை வைத்துச் சொல்கிறேன். முதல் கட்டத்தில் கேட்டை ஒரு தாழ்ந்த வோல்டேஜுக்கு இழுத்து முந்தைய ஃபிரேமின் நினைவை அழிக்கிறோம். இரண்டாவது கட்டத்தில் டேட்டா வோல்டேஜை, அதாவது அந்தப் பிக்சலுக்கு வேண்டிய வெளிச்சத்தைக் குறிக்கும் வோல்டேஜை, டிரைவ் டிரான்சிஸ்டரின் சோர்ஸில் கொடுத்து, கேட்டையும் டிரெயினையும் இணைக்கிறோம். டிரான்சிஸ்டர் தன் வழியே கேட்டை நிரப்பிக்கொண்டே போய், டேட்டா வோல்டேஜுக்கு ஒரு த்ரெஷோல்ட் அளவு கீழே வந்ததும் தானாக அணைகிறது. மூன்றாவது கட்டத்தில் ஓஎல்இடிக்கு மின்னோட்டத்தை விடும் எமிஷன் டிரான்சிஸ்டர்கள் திறந்து, சோர்ஸ் மின்வழங்கி வோல்டேஜுக்குப் போகிறது, ஓஎல்இடி எரிகிறது. இப்போது ஓவர்டிரைவைக் கணக்கிட்டால் த்ரெஷோல்ட் கூட்டலிலும் கழித்தலிலும் வந்து அடிபட்டுப் போகும். மிஞ்சுவது மின்வழங்கி வோல்டேஜுக்கும் டேட்டா வோல்டேஜுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

காகிதத்தில் இது முழு நிவாரணம். உண்மைப் பேனலில் நேரம் குறுக்கே நிற்கும். 2400 வரிகள், 120 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு வரிக்குக் கிடைப்பது சுமார் 3.5 மைக்ரோ விநாடி. கேட் த்ரெஷோல்டை நெருங்க நெருங்க அதை நிரப்பும் மின்னோட்டமே குறைந்துகொண்டு போவதால், அது ஒருபோதும் முழுசாகப் போய்ச் சேராது. வர்க்க விதியைக் கொண்டு சமன்பாட்டைத் தீர்த்துப் பாருங்கள்: மிச்சமிருக்கும் ஓவர்டிரைவ் கெபாசிட்டரின் அளவைப் போல் இரண்டு மடங்கை, டிரான்சிஸ்டரின் மொபிலிட்டியும் வடிவ அளவும் சேர்ந்த கெயின் காரணியும் நேரமும் பெருக்கிய தொகையால் வகுத்த அளவு. 100 ஃபெம்டோ ஃபாரட், 3 மைக்ரோ விநாடி, முழு வெளிச்சத்தில் 0.7 வோல்ட் தேவைப்பட்ட அதே டிரான்சிஸ்டர் என்று போட்டால் மிச்சம் சுமார் 0.36 வோல்ட் நிற்கிறது. சின்ன எண் இல்லை இது.

இங்கே கட்டுரைகள் பெரும்பாலும் தொடாமல் போகும் ஒரு அழகான விஷயம் உண்டு. அந்த மிச்சம் எல்லாப் பிக்சலுக்கும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை, டேட்டா வோல்டேஜை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். அது மொபிலிட்டியைப் பொறுத்து மாறுகிறது: மொபிலிட்டி அதிகமான பிக்சல் வேகமாக நிரம்பி, குறைந்த மிச்சத்தோடு நிற்கிறது. எரியும்போது அதே பிக்சல்தான் அதிக மின்னோட்டம் தர முயலும். ஒன்று மற்றதை ஓரளவு ஈடுகட்டுகிறது. கணக்குப் போட்டால், டேட்டா தரும் ஓவர்டிரைவும் இந்த மிச்சமும் சமமாகும் ஒரு கிரேயில் மொபிலிட்டிப் பிழை முதல் நிலையில் பூஜ்ஜியமாகிறது. அதற்கு மேலே ஈடு போதாது. கீழே ஈடு அதிகமாகிப் பிழை எதிர்த்திசையில் திரும்பும். ஆகவே டிரான்சிஸ்டர் தன்னை அளக்கும் அந்தக் கட்டத்துக்குக் கொடுக்கும் நேரத்தை, அதாவது இழப்பீட்டு நேரத்தை, கண்ணை மூடிக்கொண்டு நீட்டுவது எப்போதும் நல்லதல்ல. த்ரெஷோல்ட் திருத்தத்துக்கு நீண்ட நேரம் நல்லது, மொபிலிட்டித் திருத்தத்துக்கு ஒரு குறிப்பிட்ட நேரம் நல்லது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் வடிவமைப்பாளரின் உண்மையான முடிவு. நேரம் போதவில்லை என்று தெரிந்தால், த்ரெஷோல்டை அளப்பதை டேட்டா லைனிலிருந்து பிரித்து ஒரு தனி ரெஃபரன்ஸ் வோல்டேஜை வைத்துச் செய்யும் சர்க்கிட்கள் இருக்கின்றன. அவற்றில் பல வரிகளின் நேரத்தைச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். விலையாகக் கூடுதல் கெபாசிட்டரோ சிக்னல் லைனோ கொடுக்க வேண்டிவரும்.

டிரைவ் டிரான்சிஸ்டரின் சேனலை நீளமாக வைப்பதும் இதே கணக்கோடு சேர்ந்தது. நீளமான சேனலில் துகள் எல்லைகள் நிறைய விழுவதால் சராசரி ஆகி, பிக்சலுக்குப் பிக்சல் வேறுபாடு குறையும். டிரெயின் வோல்டேஜ் மாறினாலும் மின்னோட்டம் அசையாது. இடம் போதாததால் கைபேசிப் பேனல்களில் அந்தச் சேனலைப் பாம்பு போல வளைத்து மடித்து வைப்பார்கள். ஆனால் நீளம் கூடினால் கெயின் குறைந்து, மேலே சொன்ன மிச்சம் பெருகும். ஒன்றை இழுத்தால் மற்றது நகரும்.

அடுத்து, மின்வழங்கி வோல்டேஜ். ஏழு டிரான்சிஸ்டர் சர்க்கிட்டில் த்ரெஷோல்ட் போய்விட்டது, மின்வழங்கி வோல்டேஜ் சூத்திரத்தில் அப்படியே இருக்கிறது. மின்சாரம் உலோகக் கம்பி வழியே திரையின் தொலைவான முனைக்குப் போகும்போது தடையால் வோல்டேஜ் இறங்கும். பிக்சலில் எழுதும் நேரத்தில் அந்த இடத்து வோல்டேஜ் 50 மில்லி வோல்ட் குறைந்திருந்தால், அது 50 மில்லி வோல்ட் த்ரெஷோல்ட் பிழைக்குச் சமம்: முழு வெளிச்சத்தில் சுமார் 14 சதவீதம். மெதுவாக மாறும் சரிவு என்பதால் கண் மன்னிக்கும் என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் அது படத்தைப் பொறுத்தும் மாறும். சாம்பல் பின்னணியில் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டியைக் காட்டினால் அதைச் சுற்றியுள்ள சாம்பல் ஒரு நிழல் விழுந்ததுபோல் மங்கும். மின்வழங்கிக் கம்பிகளை வலையாகப் பின்னுவது, தடிமனான உலோகம் போடுவது, படத்தின் மொத்த மின்னோட்டத்தைக் கணக்கிட்டு டேட்டாவைத் திருத்துவது என்று வழிகள் உண்டு. எழுதும்போது மின்னோட்டம் ஓடாத ஒரு ரெஃபரன்ஸ் லைனைப் பயன்படுத்தும் சர்க்கிட்களும் உண்டு. நடுத்தர அளவுத் திரை என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அத்தகைய சர்க்கிட்டை முதலில் பார்ப்பேன்.

லீக்கேஜை யாரும் முதலில் நினைப்பதில்லை, ஆனால் லோ கிரேயைக் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. எழுதிவைத்த கேட் வோல்டேஜ் அடுத்த ஃபிரேம் வரை நிலைக்க வேண்டும். 100 ஃபெம்டோ ஃபாரட் கெபாசிட்டரிலிருந்து 1 பைக்கோ ஆம்பியர் கசிந்தால் 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குள் 0.17 வோல்ட் போய்விடும். அதற்காகத்தான் கேட்டோடு இணைந்த சுவிட்ச்களை இரட்டை கேட் கொண்டவையாகச் செய்கிறார்கள். கசிவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 17 மில்லி வோல்ட். 60 ஹெர்ட்ஸில் சமாளிக்கலாம். மின்சக்தியை மிச்சப்படுத்த 1 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அதே கசிவு 1 வோல்ட்டைத் தின்றுவிடும். கேட்டைத் தொடும் சுவிட்ச்களை மட்டும் ஆக்சைடில் செய்து, டிரைவ் டிரான்சிஸ்டரைப் பாலிசிலிக்கனிலேயே வைக்கும் எல்டிபிஓ தொழில்நுட்பம் வந்ததற்கு இதுதான் காரணம். ஆக்சைடின் கசிவு பாலிசிலிக்கனை விடப் பல மடங்கு குறைவு.

ஏழாவது டிரான்சிஸ்டர் எதற்கு என்று பலர் கேட்பார்கள். அது ஓஎல்இடியின் அனோடை ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு தாழ்ந்த வோல்டேஜுக்குக் கொண்டுபோகிறது. கருமை கருமையாகவே இருக்க இது தேவை. இல்லாவிட்டால் சிறு கசிவுகளே அனோடில் சேர்ந்து மங்கலாக எரியவைத்துவிடும். ஆனால் லோ கிரேயில் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஓஎல்இடியும் ஒரு கெபாசிட்டர்தான். 0.1 பைக்கோ ஃபாரட், எரியத் தொடங்க 2 வோல்ட் ஏற வேண்டும் என்றால், 36 பைக்கோ ஆம்பியர் அதை நிரப்பவே ஐந்தரை மில்லி விநாடி எடுக்கும். 60 ஹெர்ட்ஸ் ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்கு இருட்டிலேயே கழியும். சிவப்பு, பச்சை, நீலத்துக்கு இந்தத் தாமதம் வேறுவேறு என்பதால் இருண்ட காட்சிகளில் நிறம் சாயும். ரீசெட் வோல்டேஜை எரியும் எல்லைக்குச் சற்றுக் கீழே வைத்தால் தாமதம் குறையும், மேலே போனால் கருமை கெடும். வெளிச்சத்தைக் குறைக்க மின்னோட்டத்தைக் குறைக்காமல், எமிஷன் டிரான்சிஸ்டரை விட்டுவிட்டுத் திறந்து எரியும் நேரத்தைக் குறைப்பதும் இந்தப் பகுதியைத் தவிர்க்கத்தான். அந்த மினுக்கல் சிலருக்குக் கண் சோர்வு தருகிறது என்ற புகார் உண்டு. யாருக்கு எந்த ஃப்ரீக்வென்சியில் உறுத்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால் அதைச் சர்க்கிட் கணக்கால் தீர்க்க முடியாது.

பழைய கட்டுரைகளில் மின்னோட்டத்தையே டேட்டாவாகக் கொடுக்கும் சர்க்கிட்களைப் பார்த்திருப்பீர்கள். த்ரெஷோல்டையும் மொபிலிட்டியையும் ஒருசேரத் திருத்தும் என்பதால் கவர்ச்சியானவை. உங்கள் புராஜெக்டுக்கு அவற்றை எடுக்க வேண்டாம். டேட்டா லைனின் பாரசிட்டிக் கெபாசிட்டன்ஸ் (வேண்டாமலே ஒட்டிக்கொள்ளும் கெபாசிட்டன்ஸ்) 10 பைக்கோ ஃபாரட் என்றாலே, முழு வெள்ளைக்கான 45 நானோ ஆம்பியரால் 3.5 மைக்ரோ விநாடியில் அதை 16 மில்லி வோல்ட்தான் நகர்த்த முடியும். லோ கிரேயில் நினைத்தே பார்க்க வேண்டாம்.

தொலைக்காட்சி அளவுக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே என்-வகை ஆக்சைடு டிரான்சிஸ்டர். ஓஎல்இடி அதன் சோர்ஸ் பக்கம் உட்காருகிறது. ஓஎல்இடியின் வோல்டேஜ் வயதோடு ஏறினால் அது கேட்-சோர்ஸ் வோல்டேஜைத் தின்னாமல் இருக்க, கெபாசிட்டரைக் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் வைத்து இரண்டும் சேர்ந்து ஏறும்படி செய்கிறார்கள். திருத்தத்தைப் பிக்சலுக்கு வெளியே கொண்டுபோய்விடுகிறார்கள்: பிக்சலில் மூன்று டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர், அளப்பதற்கான ஒரு சென்ஸ் லைன். கேட்டில் தெரிந்த வோல்டேஜைக் கொடுத்துச் சோர்ஸ் எங்கே போய் நிற்கிறது என்று அளந்தால் த்ரெஷோல்ட் கிடைக்கும். சென்ஸ் லைன் பெரிய கெபாசிட்டர் என்பதால் இது மெதுவான அளவீடு. திரை அணைந்திருக்கும்போது செய்வார்கள். குறிப்பிட்ட சிறு நேரத்தில் லைன் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தால் மொபிலிட்டி கிடைக்கும். இதை ஃபிரேம்களுக்கு இடையிலுள்ள வெற்று நேரத்தில் வரி வரியாகச் செய்யலாம். அணைத்த பிறகும் சில ஓஎல்இடி தொலைக்காட்சிகள் சற்று நேரம் வேலை செய்துகொண்டிருப்பது இதற்காகத்தான். அணைத்தவுடன் பிளக்கையும் பிடுங்கும் பழக்கம் இருந்தால் அந்த அளவீடு நடக்காமலே போகும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயமில்லை. எல்லாம் சமன்பாட்டிலும் அளவீட்டிலும் பொருந்தி வருபவை. இனி வருவது பேனலுக்குப் பேனல், பொருளுக்குப் பொருள் மாறும். ஓஎல்இடி வயதாவதை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தைத் துல்லியமாக ஒரே அளவில் வைத்தாலும், அதே மின்னோட்டத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் நாளாக ஆகக் குறையும். நீலம் முதலில் தளரும். மின்னோட்டத்தை மட்டும் பார்க்கும் எந்தப் பிக்சல் சர்க்கிட்டும் இதைத் திருத்தாது. ஓஎல்இடியின் வோல்டேஜ் ஏற்றத்தை அளந்து, அதிலிருந்து வெளிச்சம் எவ்வளவு குறைந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் இரண்டுக்கும் உள்ள உறவு ஒளிப்பொருளையும் வெப்பநிலையையும் பழைய பயன்பாட்டையும் பொறுத்தது. ஒரு பேனலில் தேறிய அட்டவணையை இன்னொன்றில் போட்டால் திருத்தமே கறையாக மாறும். பிக்சலுக்குள் ஒளியுணரி வைத்து வெளிச்சத்தையே அளக்கும் ஆராய்ச்சிகள் கொள்கையில் சரியானவை. அந்த உணரியும் வயதாகும், இடமும் அடைக்கும் என்பதால் நான் அதில் முழு நம்பிக்கை வைக்கவில்லை.

ஹிஸ்டெரிசிஸும், அதாவது டிரான்சிஸ்டர் தன் முந்தைய நிலையை நினைவில் வைத்திருப்பதும், இந்தச் சந்தேகப் பகுதியைச் சேர்ந்ததே. வெகுநேரம் கருப்பு காட்டிய பிக்சலும் வெகுநேரம் வெள்ளை காட்டிய பிக்சலும் ஒரே சாம்பலுக்கு வந்தால், கொஞ்ச நேரம் வேறுவேறாக எரியும். சதுரங்கக் கட்டத்தைக் காட்டிவிட்டு சாம்பலுக்கு மாற்றினால் கட்டங்கள் மங்கலாக நிற்பதைப் பார்க்கலாம். எழுதுவதற்கு முன் எல்லா டிரைவ் டிரான்சிஸ்டருக்கும் ஒரே பலமான பயாஸ் (முன்கூட்டிய வோல்டேஜ்) கொடுத்துப் பழைய நினைவைச் சமப்படுத்துவது உதவுகிறது. எட்டாவது டிரான்சிஸ்டர் சேர்க்கப்படுவது பல நேரம் இதற்காகத்தான். எவ்வளவு உதவும் என்பது டிரான்சிஸ்டரில் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் டிராப்களைப் பொறுத்தது. உங்கள் சிமுலேட்டரின் வழக்கமான மாடலில் அது இருக்கவே இருக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் மிஞ்சும் வேறுபாட்டைத் தொழிற்சாலையில் கேமரா கொண்டு எடுக்கிறார்கள். சில கிரேக்களில் திரையைப் படமெடுத்து, பிக்சலுக்குப் பிக்சல் திருத்தத்தைக் கணக்கிட்டு மெமரியில் எழுதிவைப்பார்கள். இது மிக வலிமையான கருவி. ஆனால் அன்றைய நிலையை, அன்றைய வெப்பத்தில் மட்டும் திருத்துகிறது. பிக்சல் சர்க்கிட்டின் மிச்சப் பிழை நிலையாக இருந்தால் கேமரா அதைத் துடைத்துவிடும். வெப்பத்தோடோ நேரத்தோடோ நகர்ந்தால் துடைக்காது. பிழை பெரிதாக இருப்பதை விட அலைபாய்வது மோசம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

இனி உங்கள் புராஜெக்ட். பி-வகைப் பாலிசிலிக்கன், கைபேசி அளவு என்றால் ஏழு டிரான்சிஸ்டர் சர்க்கிட்டில் தொடங்குங்கள். ஆக்சைடு, பெரிய திரை என்றால் மூன்று டிரான்சிஸ்டரும் சென்ஸ் லைனும். புதிதாக ஒன்று வடிவமைக்கும் ஆசை இருந்தால், எந்தப் பிழையைத் திருத்தப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். கட்டுரைகளைப் படிக்கும்போது அந்தப் பிழைச் சதவீதம் எந்த மின்னோட்டத்தில் அளந்தது, இழப்பீட்டுக்கு எத்தனை மைக்ரோ விநாடி கொடுத்தார்கள், லைன்களின் தடையும் கெபாசிட்டன்ஸும் சேர்த்தார்களா என்று மூன்றையும் தேடுங்கள். 20 மைக்ரோ விநாடி கொடுத்து, ஒரு மைக்ரோ ஆம்பியரில் அளந்த 2 சதவீதம் உங்கள் வேலைக்கு உதவாது.

சிமுலேஷனில் த்ரெஷோல்டை மட்டும் நகர்த்தாமல் மொபிலிட்டி, சப்த்ரெஷோல்ட் சரிவு, மின்வழங்கி வோல்டேஜ் நான்கையும் சேர்த்து மான்டே கார்லோ (மதிப்புகளைத் தற்செயலாக மாற்றிப் பலமுறை ஓட்டும் சிமுலேஷன்) ஓட்டுங்கள். முழு வெள்ளை, நடு கிரே, 10-வது படி என்று குறைந்தது மூன்று இடங்களில் மின்னோட்டப் பரவலைத் தனித்தனியாக வரையுங்கள். பாரசிட்டிக் கெபாசிட்டன்ஸை மறக்க வேண்டாம்: வரியைத் தேர்வு செய்யும் ஸ்கேன் லைனுக்கும் கேட் முனைக்கும் இடையே 1 ஃபெம்டோ ஃபாரட் இருந்தாலே, லைன் 15 வோல்ட் தாவும்போது 100 ஃபெம்டோ ஃபாரட் கெபாசிட்டரில் 0.15 வோல்ட் உதை விழும். எல்லாப் பிக்சலிலும் ஒரே உதை என்றால் டேட்டாவில் ஈடுகட்டலாம். தயாரிப்பில் அடுக்குகளை வரையும் மாஸ்க்கின் பதிவு சற்று விலகி அந்த 1 ஃபெம்டோ ஃபாரட் இடத்துக்கு இடம் மாறினால் அதுவே புதிய திட்டு. முதலில் இழப்பீட்டு நேரத்தை 1 முதல் 10 மைக்ரோ விநாடி வரை படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு கிரேயிலும் மொபிலிட்டிப் பிழை எந்த இடத்தில் குறியை மாற்றுகிறது என்று பாருங்கள். அந்த வரைபடம் கையில் வந்த பிறகு கேட்க வேண்டியது இருந்தால், டிரான்சிஸ்டர் அளவுகளையும் கெபாசிட்டர் மதிப்பையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணை வைத்துப் பேசலாம்.